மருந்து என்று சொன்னவள்

அவளுடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே போன் வரும். அந்தப் பெயருக்கு என்ன பொருள், சரியாக எழுதினேனா, படித்தவர்களுக்குப் புரிந்ததா என்று குடைந்து எடுப்பாள். சொற்கள் விஷயத்தில் அப்படி ஒரு பிடுங்கல். அவள் கிதாரோடு பாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்த அந்த வருடங்களில், மேடையில் ஒரு பாட்டையாவது அவள் நிறுத்தாமல் பாடி முடித்ததாக எனக்கு நினைவில்லை.

ஈப்போ பழைய டவுனில் ஒரு காப்பிக் கடை. சனிக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் மேடையேறி, சொந்தமாகக் கட்டிய பாட்டைப் பாடலாம். சீனப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடுவார்கள், மலாய்ப் பையன்கள் மலாயில் பாடுவார்கள். தமிழில் சொந்தப் பாட்டோடு வந்தவள் இவள் ஒருத்திதான். முதல் நாள் பாட ஆரம்பித்து இரண்டு வரிகூடப் போகவில்லை. 'பெரட்டு' என்ற சொல் வந்ததும் கிதாரின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட்டாள்.

"பெரட்டுன்னா யாருக்காச்சும் தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் யாருக்கும் இருந்ததாகத் தோன்றவில்லை. அவள் விடவில்லை. "விடியறதுக்கு முன்னாடி எஸ்டேட் ஆளுங்க எல்லாரும் வரிசையா வந்து நிக்கணும். மண்டோர் பேர் கூப்புடுவாரு. அன்னைக்கு யாருக்கு என்னா வேலைன்னு சொல்லுவாரு. அதுக்குப் பேருதான் பெரட்டு. புரிஞ்சுதா?" இதையே மலாயில் ஒருமுறை, அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒருமுறை. அதுவரை நான் வில்லை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசடு வழிந்தேன். கடைக்காரச் சீனர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து, அந்த இடைவெளியில் மேசை மேசையாகக் காப்பி கொண்டுபோய் வைத்தார்.

முன்வரிசையில் இருந்த ஒரு இளைஞன் பொறுக்கமாட்டாமல், "அக்கா, பாடுங்க லா, அப்புறமா சொல்லலாம்" என்றான்.

"அப்புறமா சொன்னா பிரயோசனம் இல்ல தம்பி" என்றாள் அவள். சிரிக்காமல் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு இதில் கோபம் உண்டு. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில் வேலை செய்தார், அப்பா குமாஸ்தாவாக இருந்தார், நானும் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன். சின்ன வயதில் வீட்டுக்கே வாத்தியார் வந்து வயலின் சொல்லிக்கொடுத்தார். நான் படித்த கீர்த்தனைகள் பெரும்பாலும் தெலுங்கு. ஒரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியாது. என் வாத்தியாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பொருள் தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட சபைகளில் வாசித்தவன் நான். பாட்டை நிறுத்தி அகராதி வாசிக்கும் இவளை முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அதற்கு முன், அவளை முதலில் சந்தித்தது ஈப்போவிலேயே சிலிபின் பகுதியில், ஒரு கோயில் மண்டபத்தில். நவராத்திரிக்கு நான் வாசித்து முடித்ததும் பக்கத்தில் வந்து நின்று, தன் பாட்டுக்கு வயலின் வாசிப்பீர்களா என்று கேட்டாள். அவசரத்தில் இருந்தேன். "இரும் பிள்ளை, பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களை வழியனுப்பப் போனேன். திரும்பி வந்தபோது மண்டபம் காலி. அவள் மட்டும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "கதை சொல்றேன்னீங்களே அண்ணே" என்றாள். எங்கள் வீட்டில் கதைப்பது என்றால் பேசுவது என்று விளக்க வேண்டியதாயிற்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தி, "பாத்தீங்களா, ஒரே தமிழ்தான், ஆனா நான் சும்மா உக்காந்திருந்தேன்" என்றாள். அன்று அதை நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு முறையாக யாரும் சங்கீதம் சொல்லித்தரவில்லை. சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா திருவிழாவில் உறுமி அடிப்பார். மற்ற நாட்களில் கள்ளுக்கடையில் இருப்பார். எஸ்டேட்டில் இருந்த சின்ன ஜெபக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் கிதார் வாசிப்பார். அவர் வேறு ஊருக்கு மாறிப் போனபோது நரம்பு இல்லாத அந்தக் கிதாரை விட்டுவிட்டுப் போனார். இவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அதை எடுத்துக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை. கிதாரில் மூன்று கார்டுகள் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கடைசி வரை அந்த மூன்றுதான். குரல் மட்டும் அம்மாவிடமிருந்து வந்தது. வரிசைக்கு வரிசை தள்ளி நின்று வேலை செய்யும் பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரல் அது. மைக் இல்லாமல் பாடினாலும் கடைக்கு வெளியே நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். பகலில் ஒரு ஓட்டலுக்குத் துணி வெளுக்கும் டோபியில் வேலை. ஆவியில் நின்று நின்று விரல் நுனிகள் ஊறி வெளுத்திருக்கும். அந்த விரல்களோடு எப்படி இரும்பு நரம்பை அழுத்துகிறாள் என்று நான் யோசித்ததுண்டு.

அவளிடம் முடியாத பாட்டு ஒன்று இருந்தது. வேறு எதையும்விட அதைத்தான் ஆட்கள் கேட்பார்கள்.

வெயிலு ஏறிப் போச்சுதம்மா
வெளிக்காட்டு வேலையிலே
தாகமுன்னு நின்ன தம்பி
தானா எடுத்துக் குடிச்சானே

இதோடு நிறுத்திவிடுவாள். பிறகு வெளிக்காடு என்றால் என்ன என்று விளக்குவாள். ரப்பர் பால் வெட்டாத ஆட்கள் புல் வெட்டுவது, மருந்து அடிப்பது என்று செய்யும் வேலை. அந்த விளக்கம் முடிந்ததும் வேறு பாட்டுக்குத் தாவிவிடுவாள். அந்த நாலு வரிக்குப் பின்னும் ராகம் நின்றுகொண்டிருக்கும், நான் வயலினில் இரண்டு சுற்று தனியாக வாசித்து இறக்கிவைப்பேன். மீதி எங்கே என்று கேட்டால், "இருக்கு அண்ணே, அம்மாவுக்கு வச்சிருக்கேன்" என்பாள்.

தம்பி கதை எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவளுடைய அம்மா மருந்தடிக்கும் வேலை செய்தவர். அவர்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மண்டிய புல்லைக் கொல்ல, ஒரு ஆரஞ்சு ஜூஸ் போத்தலில் கொஞ்சம் களைக்கொல்லி ஊற்றிக்கொண்டு வந்து குசினி மூலையில் வைத்திருந்தார். அன்றைக்கு அது ஒன்றும் புதுமையில்லை, எல்லா வீட்டிலும் இருந்தது. பள்ளிக்கூடம் போகத் தொடங்காத தம்பி, விளையாடிவிட்டு வந்த தாகத்தில் அதை எடுத்துக் குடித்துவிட்டான். சில நாள் கழித்து மூச்சு விட முடியாமல் போய்ச் சேர்ந்தான்.

போத்தல் கொண்டுவந்தவள் என்று அந்தத் தாயை எல்லாரும் சொன்னார்கள். புருஷன் அதைச் சொல்லிச் சொல்லி அடித்து, பிறகு ஒரு நாள் காணாமல் போனான். எல்லாரையும்விட அதிகம் சொன்னது அந்தத் தாய்தான். எஸ்டேட்டை விற்று ஆட்களைக் காலி செய்த பிறகு தாயும் மகளும் ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். நான் முதல்முறை அந்த வீட்டுக்குப் போனபோது தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா அசையவில்லை. "நீங்களே ஊத்திக் குடிச்சுக்கங்க சார், நான் யாருக்கும் குடிக்கக் குடுக்கறதில்ல" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து மகளைப் பார்த்தேன். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

எஸ்டேட் இப்போது எண்ணெய்க்கான செம்பனைக் காடு. கோயில் மட்டும் நடுவில் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பழைய ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ காரிலும் வேனிலும் வந்து பொங்கல் வைப்பார்கள். ஒரு வருடம் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாடெல்லாம் முடிந்து, பாடச் சொன்னார்கள். இங்கே பெரட்டுக்கும் வெளிக்காட்டுக்கும் விளக்கம் தேவையில்லை என்பதால் இன்றாவது நிறுத்தாமல் பாடுவாள் என்று எனக்கு நம்பிக்கை. 'தானா எடுத்துக் குடிச்சானே' வந்தது. நிறுத்தினாள். விளக்க ஒன்றும் இல்லை. சும்மா நின்றாள்.

கூட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மாள் எழுந்தார். ஒருகாலத்தில் இவள் தாயோடு சேர்ந்து மருந்தடித்தவராம். "பாவம்டி அந்தப் புள்ள. உங்கம்மா அந்தப் போத்தல மட்டும் கொண்டாராம இருந்திருந்தா இன்னைக்குக் கல்யாணம் காட்சின்னு இருந்திருப்பான். இன்னும் உசுரோட இருக்காளா அவ?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

திரும்பி வரும்போது பெட்ரோல் போட ஒரு எண்ணெய்க் கடையில் வண்டியை நிறுத்தினேன். அங்கே வைத்துத்தான் சொன்னாள்.

"அன்னைக்கு அம்மா காட்டுல இருந்துச்சு அண்ணே. பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார்ல நான்தான் தம்பியக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். எங்க லயத்துலயே எனக்குத்தான் மலாய் நல்லா வரும். அதனாலதான் என்னைய அனுப்புனாங்க. அங்க இருந்த ஆளு, என்னா குடிச்சான்னு கேட்டாரு. நான் என்னா சொன்னேன் தெரியுமா? 'உபாட் மாக்'. அம்மாவோட மருந்து."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"எங்க வீட்ல அதுக்கு மருந்துன்னுதானே பேரு. அம்மா மருந்தடிக்கப் போவுது, அம்மா சட்டையில மருந்து வாடை. அத அப்படியே மலாய்ல மாத்திட்டேன். அவரு, உங்கம்மாவுக்கு என்னா சீக்குன்னு கேட்டாரு. தலவலி, ஒடம்பு வலின்னு சொன்னேன். அதுவும் நெசந்தானே. தண்ணி நெறைய குடு, தூங்குனா சரியாப் போயிரும்னு அனுப்பிட்டாரு. ராச்சுன்னு சொல்லியிருக்கணும். ராச்சுன்னா விஷம். அந்த வார்த்த எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. நல்லாத் தெரியும். எலிக்கு வைக்கறது ராச்சுன். அம்மா தெனமும் தூக்கிட்டுப் போறது எப்படி விஷமா இருக்கும்?"

சாயங்காலம் தாய் வேலை விட்டு வந்து போத்தலைப் பார்த்துப் பதறியிருக்கிறார். கிளினிக்கில் சொன்னாயா என்று கேட்டிருக்கிறார். மருந்து குடித்துவிட்டான் என்று சொன்னேன், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்றாள் இவள். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அந்தச் சொல் சரியாகத்தான் புரிந்தது. படித்தவர்களே பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்று தாய் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டார். பையன் அடுத்த நாள் ஓடித்தான் விளையாடினான். அதற்கடுத்து வாயெல்லாம் புண் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, டாக்டர் நர்ஸிடம் 'ராச்சுன்' என்று சொல்வது நடைபாதையில் நின்ற இவள் காதில் விழுந்தது. அம்மாவுக்கு மலாய் தெரியாது. இவளும் சொல்லவில்லை.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். யார், எவர் என்று சொல்லாமல், களைக்கொல்லி குடித்தால் பிழைக்க வைக்க முடியுமா என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "அது உள்ளுக்குப் போனால் உடனே கொண்டுவந்தாலும் அநேகமாகத் தப்புறதில்லை" என்றாள். அடுத்த சனிக்கிழமை ஓடோடிப் போய் இவளிடம் சொன்னேன். பெரிய ஆறுதல் கொண்டுவந்திருப்பதாக எனக்கு நினைப்பு.

"இருக்கலாம் அண்ணே" என்றாள். "ஆனா அவன் வாய்ப் புண்ணோட அழுதப்ப, கிளினிக்ல சொல்லிட்டாங்க, சும்மா அழுவாத, தூங்குன்னு அதட்டுனேன். விஷம்னு தெரிஞ்சிருந்தா மடியிலயாச்சும் வச்சிருப்பேன்."



அந்த வருடக் கடைசியில் அவளுடைய அம்மா படுத்துவிட்டார். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும். மாத்திரை போட்டால் நடமாடலாம் என்றார்கள். அந்த அம்மா மாத்திரையைத் தொட மறுத்தார். "புள்ளைக்கு மருந்து வச்சுக் கொன்னவளுக்கு என்னாத்துக்கு மருந்து?" என்பார். சோறும் வேண்டாம் என்று தட்டைத் தள்ளினார். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாலும் கிண்ணம் திறக்காமலே கிடக்கும். உயிர் போகட்டும் என்று இருக்கிற ஆளை எப்படிப் பிடித்து வைப்பது? மகள் அழுது பார்த்தாள், சத்தம் போட்டுப் பார்த்தாள். கடைசியில் எனக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம காலையில வயலினத் தூக்கிட்டு வாரீங்களா அண்ணே? அந்தப் பாட்ட அம்மாகிட்ட பாடணும். பேச்சா சொல்ல எனக்கு வாய் வராது. நீங்க பக்கத்துல வாசிச்சா பாதியில நிறுத்த மாட்டேன்."

போனேன். பின்னால் சுண்ணாம்பு மலை மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா முன் அறையில் ஒரு கட்டிலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். மகள் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். நான் வில்லை எடுத்துச் சேர்ந்துகொண்டேன். 'தானா எடுத்துக் குடிச்சானே' வந்தது, போனது.

என்ன குடிச்சான்னு கேட்டாங்க
எங்க பேச்சுல சொல்லிப்புட்டேன்
மருந்துன்னேன் மருந்துன்னேன்
மருந்தாவே கேட்டாங்க

இன்னும் வரிகள் இருந்தன. கிளினிக், அம்மாவின் தலைவலி, ஆஸ்பத்திரி நடைபாதை, எல்லாம் இருந்தது. ஓர் இடத்திலும் நிறுத்தவில்லை, ஒரு சொல்லுக்கும் விளக்கம் சொல்லவில்லை. அவள் பாடியதில் அதுதான் ஆகச் சிறந்தது. அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் அப்படி ஒரு பாட்டுக்கு வாசித்ததில்லை.

முடிந்ததும் அந்த அம்மா மகளைப் பார்த்துக் கேட்டார்.

"மலாய்க்காரன்கிட்ட நீ என்னான்னு சொன்ன?"

"அம்மா மருந்தக் குடிச்சிட்டான்னு சொன்னேம்மா."

"நான் திங்கிற மருந்துன்னு அவன் நெனச்சிட்டானா?"

"ஆமாம்மா."

"போத்தலக் காட்டலையா?"

"காட்டலம்மா. கொண்டு போவல."

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு, என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப நான் இல்லையா?"

"இல்லம்மா" என்றாள் அவள். "நான்தான்."

அவர் மகளைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். இத்தனை வயதாகியும் நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அந்த அம்மா காலைக் கீழே தொங்கப் போட்டு, "சாப்புட என்னா வச்சிருக்க?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவர் சாப்பிட்டார். மாத்திரை போட்டுக்கொண்டார். இரண்டு மூன்று மாதத்தில் எழுந்து நடந்தார், பிறகு கோயிலுக்குப் போனார், பிறகு பேச ஆரம்பித்தார். காய்கறி வண்டிக்காரரிடம், கோயிலில் பூக் கட்டும் பெண்களிடம், குறுக்கே வருகிற யாரிடமும் பேசினார். "என் மேல ஒரு தப்பும் இல்ல. எம் மவதான் கிளினிக்ல வார்த்தைய மாத்திச் சொல்லிட்டா. இத்தன காலமா மறைச்சு வச்சிருந்திருக்கா பாருங்க." இதை வருத்தத்தோடுகூடச் சொல்லவில்லை. வழக்கில் ஜெயித்து வந்தவர் போலச் சொன்னார். பழைய எஸ்டேட் ஆட்களுக்கும் போன் மூலம் செய்தி போய்விட்டது. அடுத்த வருடம் கோயில் பொங்கலுக்கு அந்த அம்மா போனார். மகள் போகவில்லை.

அவள் பாடுவதை விட்டுவிட்டாள். சொல்லிவிட்டு விடவில்லை. ஒரு சனிக்கிழமை வேலை அதிகம் என்றாள், அடுத்த சனிக்கிழமை அம்மாவுக்குத் துணை வேண்டும் என்றாள். காப்பிக் கடைக்காரர் என்னிடம் விசாரிப்பார். நானும் ஏதோ சொல்லிவைப்பேன். எனக்கு அந்தத் தாய் மேல் தாங்க முடியாத கோபம். இன்றும் முழுக்கத் தீரவில்லை. பெற்ற பிள்ளையின் தலையில் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட ஒரு தாயால் முடியுமா என்று என் மனைவியிடம் கத்தியிருக்கிறேன். அவள், "நீங்கள் அந்தப் பாரத்தை ஒரு நாள் சுமந்து பார்த்திட்டுக் கத்துங்கோ" என்றாள்.

கடைசியாகப் போனது ஒரு மத்தியானம். வாசலில் கேட்டருகே நாற்காலி போட்டு, மடியில் தட்டோடு அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தமிழ்ப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிளினிக் வரைக்கும் வந்துவிட்டது கதை. உள்ளே, குசினியில், மகள் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் பேசுவது ஒவ்வொரு சொல்லும் அங்கே கேட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் போய் அந்த மனுசியிட்ட சொல்லட்டோ? இப்பிடியோ தெருவில நிண்டு பெத்த பிள்ளையைப் பற்றிச் சொல்லுறது?"

"வேணாம் அண்ணே" என்றாள். கத்தியை வைக்கவில்லை. "சொல்லட்டும். நல்லா சாப்புடுதுல்ல இப்ப."

வாசலிலிருந்து கூப்பிடும் குரல் வந்தது, இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்று. அவள் கையைக் கழுவிக்கொண்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.